நண்பகற் பேயும் நாளாந்த வாழ்வும்

சோதனை என்றதும் நம்மிற் பலருக்குப் பெருங்குற்றங்களே நினைவுக்கு வருகின்றன. பகைவன் வாளேந்தி வாயிலில் வந்து நிற்பான்; அவ்வேளையில் உறுதியோடு எதிர்த்தாற் போதும் என எண்ணுகிறோம். ஆயின், கிறிஸ்தவ சமயத்திற் சோதனையைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தோர் இவ்வாறு கருதினாரல்லர். சோதனை சிறியதோர் எண்ணமாகவே வருகிறது என்றும், அதனை வெல்லும் வலிமை முன்னைய நாள்களின் ஒழுங்கிலே சிறுகச் சிறுகச் சேர்கிறது என்றும் அவர்கள் கண்டனர்.

நான் குறிப்பிடுவது, நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனங்களில் வாழ்ந்த துறவியரை. பள்ளிக்கூடத்திலும் இல்லத்திலும் உழலும் நமக்கு அத்துறவியரின் அனுபவம் எவ்வாறு பயன்படும் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. எவாகிரியுஸ் என்பாரின் எழுத்துக்களைப் பயின்றபின் அவ்வையம் நீங்கிற்று.

எவாகிரியுஸ் கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரிலே திருத்தொண்டராக இருந்து புகழ் பெற்றவர். அங்கே மணமான மாது ஒருத்தியோடு ஏற்பட்ட காதலினின்று தப்புவதற்காக எருசலேமுக்கு ஓடினார். பின்னர் எகிப்தியப் பாலைவனத்திற் புகுந்து, 399ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஏறத்தாழ 16 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். நகரைவிட்டு ஓடலாம், எண்ணங்களை விட்டு ஓடமுடியாது என்பதை அப்பாலை அவருக்கு உணர்த்தியது போலும். போசனப்பிரியம், காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், அகந்தை எனத் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே பெரிய கிரகோரியார் இவ்வகுப்பைத் திருத்தியமைத்தார். மறைக்கல்வியில் நாம் கற்கும் ஏழு தலையான பாவங்கள் அவ்வழி வந்தவையே.

எட்டனுள்ளும் சோர்வே மிகக் கொடியது என்றார் எவாகிரியுஸ். அதற்கு அவர் இட்ட பெயர் நண்பகற் பேய். வெயில் ஏறும் வேளையில் அது வரும். சூரியன் நகராதது போலவும், ஒரு பகல் ஐம்பது மணி நேரம் நீள்வது போலவும் தோன்றும். துறவி அடிக்கடி சன்னலை நோக்குவான். உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு உண்டென வெளியே வந்து பார்ப்பான். யாரேனும் வருகின்றாரா எனக் கண் தேடும். பின்னர் இருக்கும் இடம் கசக்கும், செய்யும் தொழில் கசக்கும், உடன்வாழ்வோரிடம் அன்பில்லை என்ற எண்ணம் எழும். வேறோரிடம் சென்றால் நலம் என்று மனம் சொல்லும்.

விடைத்தாள்களின் முன் அமர்ந்திருக்கும் ஆசிரியரும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் இப்பேயை அறியாதவரல்லர். துறவியின் சன்னல் இன்று நம் கைக்குள்ளேயே கைத்தொலைபேசியாக இருக்கிறது என்பதே வேறுபாடு. இதிற் பெருங்குற்றம் எதுவுமில்லை; ஆனால் ஒரு வாழ்நாள் முழுவதும் இவ்வாறு கரைந்து போகலாம். அதனாலேயே இது கொடியது.

இதற்கு மருந்து யாது? வனத்து அந்தோனியாரைப்பற்றிய ஒரு வரலாறு விடை தருகிறது. கொழும்புக் கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் கோயில் கொண்ட பதுவை அந்தோனியார் வேறு. இவர் அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முந்தியவர். சோர்வினால் மனம் இருண்டிருந்த ஒருநாள், எவ்வாறு ஈடேறுவேன் என இவர் இறைவனைக் கேட்டார். அப்பொழுது தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் அமர்ந்து திரிப்பதையும் கண்டார். இவ்வாறே செய், ஈடேறுவாய் என்பதே அக்காட்சியின் பொருள். வேலை, செபம், மீண்டும் வேலை, மீண்டும் செபம். வேறு அற்புதம் எதுவும் அங்கே நிகழவில்லை.

கசியான் என்பார் எழுதிவைத்த பவுல் என்னும் துறவியின் கதை இதனினும் வியப்பானது. சந்தையிலிருந்து ஏழு நாள் நடைக்கு அப்பால் வாழ்ந்த அவர், நாள்தோறும் பேரீந்தின் ஓலையைச் சேர்த்து, தவறாது வேலை செய்தார். கொண்டுபோய் விற்பதாயின் வழிச்செலவுக்கும் விலை காணாது. ஆகவே குகை நிரம்பியதும், ஓராண்டு உழைப்பைத் தாமே தீயிட்டு எரித்துவிட்டு, மறுபடியும் தொடங்குவார். பனையோலைக் கடகமும் பெட்டியும் இழைக்கும் கைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, அந்த நெருப்பு நெஞ்சைச் சுடும். ஆயினும் அவர் இழைத்துக்கொண்டிருந்தது தம் மனத்தை என்பதே எனது துணிபு.

எண்ணங்கள் வருவதும் வராமலிருப்பதும் நம் வசத்தில் இல்லை. அவற்றைத் தங்கவிடுவதும் விடாததும் நம் வசத்திலுள்ளன என்று எவாகிரியுஸ் தெளிவுபடுத்தினார். பாலையிலே சோதிக்கப்பட்ட இயேசு வேதவசனங்களாலேயே விடையிறுத்ததை முன்மாதிரியாகக் கொண்டு, எட்டு எண்ணங்களுக்கும் எதிரான வசனங்களைத் திரட்டி ஒரு நூலும் ஆக்கினார். ஆபத்து வந்தபின் நூலைத் தேட நேரமிராது. நாள்தோறும் ஓதியதே அந்நேரத்தில் நாவில் வரும்.

இவையெல்லாம் மனிதனின் தனிவலிமையால் ஆவன என அத்துறவியர் நினைத்ததில்லை. இயேசு கற்பித்த செபத்தின் அமைப்பைப் பாருங்கள். அன்றாட உணவுக்கான வேண்டுதலும் சோதனையினின்று காக்கும்படியான வேண்டுதலும் அதில் அருகருகே உள்ளன; இரண்டுக்கும் இடையே நிற்பது மன்னிப்பு. உணவைப் போலவே சோதனையை வெல்லும் அருளும் அன்றன்றைக்கே கேட்டுப் பெறவேண்டியது; நேற்றைய உணவு இன்றைய பசிக்கு உதவாது. இடையிலே தவறி விழுந்தவனும் நாளைக் காலையில் எழுந்து மீண்டும் ஓலையைக் கையில் எடுக்கலாம்.