உலாவி வேறுபாடுகளும் தமிழ் எழுத்தலகும்

முன்னுரை

ஒரே இணையப் பக்கம் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளில் வெவ்வேறு தோற்றம் கொள்வதுண்டு. பக்கத்தை வரையும் பொறி ஒவ்வொன்றிலும் வேறு என்பதே காரணம்: குரோமில் பிளிங்க், பயர்பாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட். ஆங்கிலப் பக்கத்தில் இவ்வேறுபாடு பெரும்பாலும் அழகு சார்ந்தது. தமிழ்ப் பக்கத்திலோ அது எழுத்தையே சிதைக்கவல்லது. இதன் காரணத்தையும் களையும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்துருச் சிக்கல்

ஒருங்குறி பரவுமுன் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்கள் வழங்கின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் படிக்க இயலாததாயிற்று. எழுத்துருவைப் பக்கத்துடன் அனுப்ப முயன்றோர் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இ.ஓ.டி. கோப்பும் நெட்ஸ்கேப்புக்கு பி.எஃப்.ஆர். கோப்பும் எனத் தனித்தனியே உருவாக்க நேர்ந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. 2012இல் வோஃப் என்னும் பொது எழுத்துரு வடிவம் இணையத்தரமாயிற்று. இவற்றால் எழுத்துருச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. எனினும், எழுத்தலகு பற்றிய சிக்கல் எஞ்சியுள்ளது.

எழுத்தும் குறிப்புள்ளியும்

இலக்கண மரபில் உயிர்மெய் ஓரெழுத்து. ஒருங்குறியிலோ அகரமேறிய மெய் தவிர்ந்த உயிர்மெய்கள் மெய்க்குரிய குறியும் உயிர்க்குறியுமாகப் பிரிந்து நிற்கும். தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரம் என்னும் ஊர்ப்பெயரில் எழுத்து 7, குறிப்புள்ளி 13. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கையில் எழுத்து 3; குறிப்புள்ளி 6.

பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் நடைத்தாள் விதியை ‘கொற்கை’ என்னும் சொல்லுக்கு இடுவதாகக் கொள்வோம். ‘கொ’ முழுவதையும் ஓரலகாகக் கொள்ளும் பொறியில் எழுத்து பிழையின்றி அமையும். ககரத்தை மட்டும் பிரிக்கும் பொறியில் உயிர்க்குறி தனித்து, புள்ளிவட்டத்துடன் தோன்றக்கூடும். இலக்கணப் பாடத்தில் உயிர்க்குறிக்கு மட்டும் வேறு வண்ணம் தீட்டும்போதும் விளைவு உலாவிக்கேற்ப மாறும். எழுத்திடைவெளியைக் கூட்டினால் ‘க்ஷ’ என்னும் கூட்டெழுத்து பிரிந்து நிற்கக்கூடும். ஒருங்குறியின் பொது விதிப்படி அது இரண்டு அலகாதலே காரணம்.

களையும் முறை

உலாவியின் பெயரை அறிந்து தனித்தனி விதி எழுதுவது நிலைக்காது. அடுத்த பதிப்பில் அது பயனற்றுப் போகலாம். குறிப்பிட்ட வசதி உண்டா எனச் சோதித்து விதியைச் செயற்படுத்துவதே தக்கது. அதனுடன் பின்வருவனவும் வேண்டும்:

1. இணைய எழுத்துரு ஒன்றைப் பக்கத்துடன் அனுப்புதல். கருவிதோறும் இயல்பு எழுத்துரு மாறுவதால் வரியுயரமும் மாறும்.
2. வரியுயரத்தை எழுத்தளவின் மடங்காகத் தருதல்; கீழிறங்கும் உகரக் குறிகள் வெட்டுப்படா.
3. பக்கத்தின் மொழி தமிழ் எனக் குறித்தல்.
4. தமிழ்ப் பகுதியில் எழுத்திடைவெளியைக் கூட்டாதிருத்தல்.
5. முதலெழுத்தலங்காரம் வேண்டின், முழு உயிர்மெய்யையும் தனிக்கூறாகக் குறியிடுதல்.

முடிவுரை

மூலபாடத்தையோ கல்வெட்டு வாசகத்தையோ இணையத்தில் பதிப்பிப்போர்க்கு இது வெறும் ஒப்பனைச் செய்தி அன்று. திரையில் சிதைந்த எழுத்தைப் பாடவேறுபாடு எனப் பிறர் கொள்ள இடமுண்டு. ஆகவே மூன்று பொறிகளிலும், கைபேசியிலும் பக்கத்தைச் சரிபார்த்தல் மெய்ப்புத் திருத்தத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும்.