சுரங்க நிலத்தில் இறுகிய மண்ணைத் திருத்தலாம்

நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களில் தோண்டிய மண்ணைத் திரும்பக் கொட்டி நிரப்பும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடுகின்றன. கனரக வண்டிகள் ஓடி மண் இறுகிவிடுகிறது. மழைநீர் உள்ளே இறங்காது. வேரும் ஆழம் போகாது.

இத்தகைய நிலத்துக்கு மேலுழவு போதாது. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கிலும் குறுக்கிலும் ஆழ உழவேண்டும். ஈரத்தில் உழுதால் மண் மேலும் இறுகும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட்டு, மழை கிடைத்ததும் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைக்கவும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும்.

உழவு மட்டும் செய்தால் சில மழையில் மண் பழையபடி இறுகிவிடும். வேரும் மக்கும்தான் அதைப் பொலபொலப்பாக வைத்திருக்கும். எனவே முதலாண்டு மகசூலை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். அந்த ஆண்டு மண்ணுக்கே உரியது.