பிக்கப் வாங்கப் போகிறீர்களா? சிசியைப் பிறகு கேளுங்கள்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் விடிவதற்குள் சரக்கு இறக்க வரும் வண்டிகளில் 700 சிசி குட்டியானையும் இருக்கும், 2,500 சிசி பொலேரோ பிக்கப்பும் இருக்கும். களியக்காவிளை தாண்டி வரும் காய்கறி, தோவாளையிலிருந்து வரும் பூ, விழிஞ்ஞத்திலிருந்து வரும் மீன் என்று எல்லாவற்றையும் சுமப்பவை இந்தச் சின்ன வண்டிகள்தான். குமரி, தென்காசி மாவட்ட வியாபாரிகளுக்குத் திருவனந்தபுரம் இன்றும் பக்கத்துச் சந்தை. அதனால் அந்த மாவட்டங்களில் பிக்கப் வாங்குகிறவர்களில் பலர், ஏற்றமும் இறக்கமுமான இந்த ஊர் ரோட்டை மனத்தில் வைத்தே வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஷோரூமில் முதலில் கேட்பது என்னவோ, "இது எத்தனை சிசி?" என்றுதான்.

இந்தக் கேள்வி காரிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். காருக்கு ஜி.எஸ்.டி. போடும்போது பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி, நீளம் நான்கு மீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். காரின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் 1,000, 1,500 என்று சிசியைப் பார்த்தே கூடுகிறது. சரக்கு வண்டிக்கு அப்படியில்லை. அதன் மூன்றாம் நபர் பிரீமியம் வண்டியின் மொத்த எடையைப் பார்த்துப் போடப்படுகிறது; 7,500 கிலோ வரை எல்லாம் ஒரே படி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆகக் குறைந்ததும் சிசி பார்த்து அல்ல. அரசாங்கமே கேட்காத கேள்வியை நாம் முதலில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிசி என்பது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவு, அவ்வளவுதான். இதற்கு நல்ல உதாரணம் டாடா ஏஸ். 2005 மே மாதம் அது வெளிவந்தபோது, இண்டிகா காரின் 1,405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கிட்டத்தட்டப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டரில் 702 சிசியாக வைத்தார்கள். டர்போ கிடையாது. 16 குதிரைத்திறன், முக்கால் டன் சரக்கு, சரக்கோடு சேர்த்து 1,550 கிலோ. அதுவரை மூன்று சக்கரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நான்கு சக்கரத்துக்கு மாறினார்கள். தமிழ்நாட்டில் குட்டியானை என்ற பெயரும் அதோடு வந்ததுதான்.

குதிரைத்திறன் என்பது ஒன்று, டார்க் என்கிற இழுவிசை வேறொன்று. கிணற்றில் தண்ணீர் இறைப்பதை வைத்துப் பாருங்கள். நிறைந்த வாளியைக் கயிற்றோடு அசைத்துத் தூக்க வேண்டிய பலம் டார்க். மணிக்கு எத்தனை வாளி இறைக்கிறோம் என்பது குதிரைத்திறன். வண்டியின் பிரசுரத்தில் இரண்டும் இருக்கும். ஆனால் படிக்க வேண்டிய வரி டார்க் வரிதான், அதிலும் அதன் பின்பாதி. டாடா இன்ட்ரா வி30-இன் 1,496 சிசி இன்ஜினுக்கு 140 நியூட்டன் மீட்டர், 1,800 முதல் 3,000 ஆர்.பி.எம். வரை என்று இருக்கும். பொலேரோ பிக்கப்பின் 2,523 சிசி இன்ஜினுக்கு 200 நியூட்டன் மீட்டர், 1,400 முதல் 2,200 வரை. 140, 200 என்ற எண்களைவிட அந்த 1,800, 1,400 என்ற எண்கள்தான் ஏற்றத்தில் பேசும். முழு இழுவையும் எத்தனை சுற்றிலிருந்து கிடைக்க ஆரம்பிக்கிறது என்பதே அது.

சிசி ஒன்றாக இருந்தால் வண்டியும் ஒன்றாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இசுசு நிறுவனம் 2,499 சிசி டீசலைச் சரக்கு ஏற்றும் டி-மேக்ஸில் 78 குதிரைத்திறன், 176 நியூட்டன் மீட்டர் என்று வைத்தது. 2016-இல் வந்த சொகுசு ரகமான வி-கிராஸில் அதே 2,499 சிசி 134 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டரும் தந்தது. டர்போவும் எரிபொருள் செலுத்தும் முறையும் வேறு. பி.எஸ்.6 புகை விதி வந்தபின் 2021-இல் வி-கிராஸுக்கு 1,898 சிசி இன்ஜின் வந்தது. சிசி கால்வாசி குறைந்தது. இழுவிசை 360 ஆக, திறன் 160-க்கு மேலாகக் கூடியது.

அப்படியானால் சிசிக்கு மதிப்பே இல்லையா? ஓர் இடத்தில் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அந்த இடம் அடிக்கடி வருகிறது.

இந்த ஊரில் சமதளம் என்பது கடற்கரை ஓரத்தில் மட்டும்தான். நகரமே சிறு குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நெடுமங்காடு தாண்டி விதுரா, கல்லாறு என்று போனால் மலை தொடங்கிவிடும். பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள், உயரம் 1,100 மீட்டர். மலைப்பாதைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கும் அளவு 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறலாம் என்பது. நெருக்கடியான இடத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதல். ரப்பர் தோட்டங்களுக்குள்ளும் வீட்டு வாசல்களுக்கும் போகிற கான்கிரீட் பாதைகள் எந்தக் காங்கிரஸையும் கேட்டுப் போட்டவை அல்ல.

பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையில் முழு லோடு குட்டியானையை வைத்துக் கணக்குப் போட்டால், வண்டியைக் கீழே இழுக்கும் எடையும் டயர் உராய்வும் சேர்ந்து ஏறக்குறைய 1,750 நியூட்டன். பழைய 16 குதிரைத்திறன் இன்ஜின் முழு மூச்சில் தள்ளினால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். ஏறுமா என்றால் ஏறும், கையிருப்பு இருக்காது. அதே ஏற்றத்தில் மூன்று டன் எடையுள்ள பிக்கப் அதே 20 கிலோமீட்டரில் போக 30 குதிரைத்திறன் போதும். ஆகவே 70 குதிரைத்திறன் உள்ள ஒன்றரை லிட்டர் இன்ஜினுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்வரை இது பெரிய வேலையே இல்லை.

சிக்கல் நிற்கும்போது வருகிறது. எதிரே பஸ் வருகிறது, வளைவில் ஒதுங்கி நிறுத்துகிறீர்கள், பின்னால் ஒன்றரை டன் சரக்கு. திரும்பக் கிளப்பும்போது இன்ஜின் ஆயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். டர்போ வேலை செய்யப் போதுமான புகை அழுத்தம் அப்போது வந்திருக்காது. அந்த நொடியில் வண்டியை நகர்த்துவது சிலிண்டரின் சொந்தக் கொள்ளளவுதான், அதாவது சிசி. சின்ன இன்ஜினில் டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துச் சுற்றைக் கூட்டி, ஹாஃப் கிளட்ச்சில் விடுவார். கிளட்ச் பிளேட் கருகும் வாடை கேபினுக்குள் வரும். இரண்டரை லிட்டர் இன்ஜின் அதே இடத்தில் சத்தமில்லாமல் நகரும். இறக்கத்திலும் பெரிய இன்ஜினுக்கு ஆதாயம் உண்டு: எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் இன்ஜினே பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறாது.

ஆனால் இதற்காக எல்லாரும் இரண்டரை லிட்டருக்குப் போக வேண்டியதில்லை. என்ன ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. பூ வியாபாரிக்கு எடை ஏறுவதற்கு முன்பே இடம் நிறைந்துவிடும். நாகர்கோவிலிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 66-இல் வந்து, விடிவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டிக்கு அகலமான தொட்டியும் மைலேஜும்தான் முக்கியம். ஒன்றரை லிட்டர் ரகம், அதாவது இன்ட்ரா வி30, ஒசூரில் தயாராகும் அசோக் லேலண்டின் 1,478 சிசி தோஸ்த் போன்றவை, அதற்குத் தாராளம். மீன் ஏற்றுகிறவர் கணக்கு வேறு. ஐஸும் தண்ணீரும் சேர்ந்து பெட்டியின் எடை கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம். உப்புத் தண்ணீர் சேஸியை அரிக்கும். அவருக்கு இன்ஜினைவிடச் சேஸியும் பெயின்ட்டும் முக்கியம் என்று நான் சொல்வேன். எம்-சாண்ட், சிமென்ட், ரப்பர் பால் டிரம் என்று மலைப்பக்கம் போகிறவர்தான் இரண்டரை லிட்டருக்குக் காசு கொடுக்க வேண்டியவர்.

எடைக் கணக்கில் ஒரு சட்டப் புள்ளியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பல பிக்கப்கள் 2,990 கிலோ என்ற எண்ணில் நின்றுவிடும் ரகசியம் இதுதான். மாநில எல்லையைத் தினமும் தாண்டுகிறவருக்கு இது சிசியைவிடப் பெரிய விஷயம். லைசென்ஸிலும் இப்போது குழப்பம் இல்லை: இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் தீர்ப்பளித்தது. ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு ஓவர்லோடு ஏற்றுகிறவர்கள் மட்டும் கவனிக்க: 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. எவ்வளவு பெரிய இன்ஜினும் இதைக் காப்பாற்றாது.

நகருக்குள்ளேயே ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டிக்குப் பெரிய டீசல் தப்பான தேர்வு. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 வந்தபின் பல டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். குட்டைக் குட்டையாக ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாருதி தன் சூப்பர் கேரியில் 793 சிசி டீசலை அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டு 1.2 லிட்டர் பெட்ரோலோடு நின்றது. டாடாவும் 694 சிசி பெட்ரோல் ஏஸ் கொண்டுவந்தது. சிசியே இல்லாத ஏஸ் இ.வி.யும் 2022-இல் அறிமுகமானது. 36 குதிரைத்திறன்தான், ஆனால் 130 நியூட்டன் மீட்டர் இழுவிசையைச் சக்கரம் அசையும் முன்பே தரும். ஏற்றத்தில் நின்று கிளம்பும் தொல்லை அதற்குக் கிடையாது. சாலை பஜாரிலிருந்து கடைகளுக்கு மட்டும் ஓடுகிறவர் அதைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கடைசியாக, சரக்குக்கு அல்லாமல் ஆசைக்கு வாங்கும் பிக்கப்கள். 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் 2,755 சிசி, 204 குதிரைத்திறன். மேனுவல் கியரில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். நீளம் 5.3 மீட்டர். பெரிய பிக்கப்பின் சொந்த ஊரான அமெரிக்காவில் இதை நடுத்தர அளவு என்பார்கள்; அங்கே முழு அளவு என்றால் ஃபோர்டு எஃப்-150 போல. அதிலும் 5 லிட்டர் வி8-ஆ, டர்போ வைத்த 3.5 லிட்டர் வி6-ஆ என்ற விவாதம் 2011-இலிருந்து நடக்கிறது. படகையும் குதிரை ஏற்றும் டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு ஆயிரம் மைல் போகிறவர்களுக்கு அந்த விவாதத்தில் அர்த்தம் உண்டு. திருவனந்தபுரத்தின் இடுங்கிய தெருக்களில் திருப்பவே திணற வேண்டிய வண்டிக்கு 1.9 லிட்டரே அதிகம். ஹைலக்ஸ் வேண்டுமென்றால் அதன் பெயருக்கும் உறுதிக்கும் வாங்குங்கள்; இன்ஜின் அளவுக்காக வாங்க வேண்டியதில்லை.

சுருக்கமாக என் தீர்ப்பு: நெடுஞ்சாலைக்கு ஒன்றரை லிட்டர், மலைக்கு இரண்டரை லிட்டர், நகருக்குள் பெட்ரோல் அல்லது மின்சாரம். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் டீலரிடம் லோடு ஏற்றிய வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். காலி வண்டியை பைபாஸில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் தினமும் போகிற ஏற்றத்துக்குக் கொண்டுபோய், நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத் திரும்பக் கிளப்பிப் பாருங்கள்.