மழைநாளில் வண்டி விளக்கு

கைத்தறிச் சங்கங்களுக்கும் விவசாயச் சங்கங்களுக்கும் ஐப்பசியும் கார்த்திகையும் ஓய்வில்லாத மாதங்கள். தீபாவளி விற்பனைக்குத் துணி மூட்டைகள் செல்ல வேண்டும். நூல் வந்து சேர வேண்டும். காய்கறியும் வாழைத்தாரும் சந்தைக்குப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் இக்காலத்தில்தான். ஆகவே நம் வண்டிகள் மிகுதியாக ஓடும் நாட்களும், பாதை மங்கித் தெரியும் நாட்களும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மூட்டை நனையாதிருக்கத் தார்ப்பாய் கட்டுவதில் நாம் காட்டும் கவனத்தை வண்டியின் விளக்கிலும் காட்டுகிறோமா என்பதை அங்கத்தினர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பகலில் விளக்கு எதற்கு?

“எனக்குத்தான் பாதை தெரிகிறதே, பகலில் விளக்கு எதற்கு?” என்று கேட்கும் ஓட்டுநர்கள் பலர். இரவில் நாம் விளக்கு ஏற்றுவது பாதையைப் பார்ப்பதற்கு. மழைப் பகலில் ஏற்றுவது பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. மழைத்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. லாரிச் சக்கரங்கள் வாரி இறைக்கும் நீர், புகைபோல் எழுந்து பின்னால் வருபவரின் கண்ணை மறைக்கிறது. சாம்பல் நிற வானத்தின்கீழ், சாம்பல் நிறச் சாலையில், விளக்கில்லாத வண்டி வானோடும் சாலையோடும் கலந்துபோகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கக் கூடுதலான தூரம் வேண்டும். எதிரில் வருபவர் நம்மை இரண்டு வினாடி முன்னதாகக் கண்டுகொண்டால், அவருக்கு 30 மீட்டருக்கு மேற்பட்ட தூரம் மிஞ்சுகிறது. ஓர் உயிர் பிழைக்க அது போதுமானதாகலாம்.

விளக்கெரித்தால் பாட்டரி தீர்ந்துவிடும் என்ற அச்சமும் வேண்டுவதில்லை. எஞ்சின் ஓடும்போது விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் அளித்துவிடும். அதனால் ஏற்படும் எரிபொருள் செலவும் மிகச் சொற்பமே.

சட்டமும் இதையே கூறுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரவில் மட்டுமின்றிப் போதிய வெளிச்சம் இல்லாத எந்நேரத்திலும் விளக்குகள் எரிய வேண்டும். முன்னால் 155 மீட்டர் தொலைவில் இருக்கும் ஆட்களும் வண்டிகளும் அவ்வொளியில் தெளிவாகத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2005 முதல், மழைக்காக வைப்பர் விடாமல் ஓடும்போது முன்விளக்கும் எரிந்தாக வேண்டும் என்பது சட்டமாக உள்ளது. வைப்பர் ஓடினால் விளக்கும் எரியட்டும் என்ற இந்த விதி எழுத்தறியாதவரும் நினைவில் வைக்கத்தக்கது.

டாஷ்போர்டு தரும் மயக்கம்

முற்காலத்து வண்டிகளில், விளக்கு ஸ்விட்சைப் போட்டால்தான் டாஷ்போர்டில் உள்ள வேகமானி ஒளி பெறும். விளக்குப் போட மறந்த ஓட்டுநருக்கு வேகமானி இருண்டு கிடப்பதே எச்சரிக்கையாக இருந்தது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பியவுடன் டாஷ்போர்டு முழுவதும் ஒளிர்கிறது. முன்புறத்திலும் பகல்விளக்கு எனப்படும் சிறு விளக்குகள் தாமே எரிகின்றன. இவற்றைக் கண்ட ஓட்டுநர் எல்லா விளக்குகளும் எரிவதாக எண்ணிக்கொள்கிறார். ஆனால் பல வண்டிகளில் அப்போது பின்புறம் ஒரு விளக்கும் எரிவதில்லை. பின்னால் வருபவர் அவ்வண்டியைக் காண இயலாமல் தவிக்கிறார்.

கனடா நாட்டில் இத்தொல்லை பெரிதாக வளர்ந்தது. அங்கு 1990 முதல் புதிய வண்டிகள் அனைத்திற்கும் பகல்விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. முன்னால் வெளிச்சமும் பின்னால் இருட்டுமாக இரவிலும் மழையிலும் ஓடிய வண்டிகளை அங்குள்ளோர் ‘பேய் வண்டிகள்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். இதற்கு முடிவு காண, 2021 செப்டம்பர் முதல் செய்யப்படும் வண்டிகளுக்கு அந்நாட்டு அரசு மூன்று வழிகளை வகுத்தது. டாஷ்போர்டும் பகல்விளக்கும் எரியும்போது பின்விளக்கும் எரிய வேண்டும். அல்லது வெளிச்சம் குறைந்தால் எல்லா விளக்குகளும் தாமே எரிய வேண்டும். அல்லது ஓட்டுநர் விளக்கைப் போடும்வரை டாஷ்போர்டு இருண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வழி பழைய வண்டிகளின் முறையே என்பது கவனிக்கத்தக்கது.

தானியங்கி விளக்கு உள்ள வண்டிகளிலும் முழு நம்பிக்கை வைத்தல் ஆகாது. அக்கருவி அளப்பது வெளிச்சத்தை, மழையை அன்று. வெள்ளை மேகம் கவிந்த பகலில், கொட்டும் மழையிலும் அது விளக்கை ஏற்றாமலிருக்கக்கூடும்.

மங்கிய எழுத்துக்கு மருந்து

விளக்கைப் போட்டால் டாஷ்போர்டின் ஒளி மங்கிவிடுகிறது, வேகமும் டீசல் அளவும் தெரிவதில்லை என்று கூறி, மழைப் பகலில் விளக்கை அணைத்துவிடும் ஓட்டுநர்களும் உண்டு. இவ்வாறு மங்குவது பழுதன்று. இருட்டுக்குப் பழகிய கண்ணை அருகிலுள்ள பேரொளி கூசச் செய்யும். மீண்டும் முழுமையாகப் பழக 20, 30 நிமிடங்கள்கூட ஆகலாம். ஆகவே விளக்கு ஸ்விட்சைப் போட்டவுடன் டாஷ்போர்டு மங்கும்படி செய்திருக்கிறார்கள். இரவுக்கு ஏற்ற இம்முறை பகலில் இடைஞ்சலாகிறது. பல வண்டிகளில் இவ்வொளியைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறு திருகோ பொத்தானோ இருக்கும். மழைப் பகலில் அதைக் கூட்டி வைத்துக்கொண்டு, இருட்டியதும் குறைத்துக்கொள்ளலாம். அது எங்கே இருக்கிறது என்பதை வண்டியுடன் வந்த கையேடு கூறும்.

எந்த விளக்கை ஏற்றுவது?

மழையில் ஏற்ற வேண்டியது ‘டிம்’ விளக்கு. ‘பிரைட்’ போட்டால் அவ்வொளி மழைத்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். எதிரே வருபவரையும் கூசச் செய்யும். சிறிய பார்க்கிங் விளக்கு மட்டும் போதாது. நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட்டு ஓட்டுவதும் தவறு. வண்டி எப்பக்கம் திரும்பப் போகிறது என்பது பிறருக்குப் புலப்படாமற் போகும். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் தயாரிக்கப்பட்ட இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முன்விளக்கு தானே எரியும். பழைய வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் நினைவாக ஸ்விட்சைப் போட வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் வண்டிப் பதிவேட்டை நாம் காண்கிறோம். டீசலுக்கும் டயருக்கும் அதில் பத்திகள் உண்டு, விளக்குக்கு இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன் நிர்வாகக் குழுவினர் ஒரு நாள் ஓட்டுநரை உள்ளே அமரச் செய்து, ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி, ஒருவர் வண்டியின் பின்னால் நின்று பார்க்கட்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து காண முடியாத பின்விளக்கின் உண்மை நிலை அப்போது விளங்கும். எரியாத பல்பை அன்றே மாற்றுக. கண்ணாடியில் படிந்த சேற்றைப் பயணந்தோறும் துடைக்கச் செய்க. தார்ப்பாயின் ஓரம் பின்விளக்கை மறைக்காதபடி கட்டுக. கரும்பும் நெல்லும் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்களில் பின்விளக்கு எரிவதோடு, சிவப்பு ஒளிப்பட்டைகளும் சுமைக்குள் மறையாமல் இருத்தல் வேண்டும். பதிவேட்டில் விளக்குக்கென ஒரு பத்தியும் சேர்க்க.

துணி நனைந்தால் நஷ்டத்தை ஈடு செய்துகொள்ளலாம். மழையில் நம் வண்டிக்குப் பின்னால் மொபெட்டில் வருபவர், சங்கத்திலிருந்து பாவு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நம் நெசவாளராகவே இருக்கக்கூடும். அவர் பத்திரமாக வீடு சேர, முன்னே செல்லும் நம் வண்டியின் பின்விளக்கு எரிய வேண்டும். சங்கங்கள் இம்மழைக்காலத்திலேயே இதனைக் கடைப்பிடிக்கும் என நம்புகிறோம்.