தகவல் துளி: வெயிலைக் கையில் எடுக்கும் பிள்ளைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் எஃகு உலைகளுக்கு ஏராளமான மின்சாரம் வேண்டும். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், வல்லூரிலும் அத்திப்பட்டிலும் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் கரியில்லாமல், புகையில்லாமல் கிடைக்கும் சக்தி நம் மொட்டைமாடியிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, செய்யவைத்துப் புரியவைப்பது எளிது.

ஓர் அட்டைப்பெட்டி போதும். உள்ளே அடியில் கறுப்புத் தாள் விரியுங்கள். மூடியின் உட்புறம் அலுமினியத் தாளை ஒட்டி, வெயில் பெட்டிக்குள் விழும்படி சாய்த்து நிறுத்துங்கள். உள்ளே ஒரு சாக்லேட்டை வைத்து, பெட்டியின் வாயைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் இறுக மூடுங்கள். உச்சி வெயிலில் சாக்லேட் உருகிவிடும். கறுப்பு ஒளியை உள்வாங்கிச் சூடாகிறது, பளபளப்பு ஒளியைத் திருப்புகிறது, பிளாஸ்டிக் தாள் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. மூன்று பாடங்களும் ஒரே பெட்டியில்!

அடுத்து, சிறிய சோலார் தகட்டைப் பொம்மை மோட்டாரோடு இணைத்து, விசிறி மாட்டுங்கள். தகட்டைக் கையால் மறைத்தால் விசிறி தளரும். கையை எடுத்தால் வேகம் பிடிக்கும்.

இப்படி வெயிலைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர். பள்ளி மாணவியாக இருந்தபோதே, கரிக்குப் பதில் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

பெற்றோரே, வெட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள். சூரியனையோ, பளபளக்கும் தாளில் தெறிக்கும் ஒளியையோ பிள்ளைகள் நேராகப் பார்க்கவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொடுங்கள்!