கியர்ப்பெட்டிக்கும் எண்ணெய் உண்டு

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உளுந்தூர்ப்பேட்டையைக் கடந்து சென்றால் எங்கள் வேப்பூர் வரும். கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் நோக்கிச் செல்லும் சாலை இங்கே அப்பெருஞ்சாலையைச் சந்திக்கிறது. ஆகவே இரவும் பகலும் வண்டிகளுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆட்டுச் சந்தை கூடும்போது, ஆடுகளை ஏற்றிய சிறு சரக்கு வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். இச்சந்திப்பில் நெடுநாள் வண்டிகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எஞ்சின் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும் என்பதைச் சாரதிகள் நன்கறிவர். கியர்ப்பெட்டியின் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டாலோ, "அதற்கும் எண்ணெய் உண்டா?" என்று திருப்பிக் கேட்பவரே பலர்.

இது அற்ப விஷயம் அன்று. கடன் பெற்று வாடகை வண்டி ஓட்டுபவரின் கியர்ப்பெட்டி பழுதுபட்டால் என்ன ஆகும்? பெட்டியைக் கழற்ற வேண்டும். புதிய பாகங்கள் வந்து சேர வேண்டும். வண்டி நிற்கும் நாளெல்லாம் வருமானம் நின்றுவிடும். மாதத் தவணையோ நிற்பதில்லை. சில லிட்டர் எண்ணெயையும் அரைநாள் வேலையையும் தள்ளிப்போட்டதற்குக் கொடுக்கும் விலை இது.

இந்த எண்ணெய் செய்யும் தொண்டு யாது? கையால் கியர் மாற்றும் வண்டியில், ஒன்றோடொன்று அழுந்திச் சுழலும் பற்சக்கரங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று, உலோகத்தை உலோகம் தின்னாமல் காப்பது அதன் முதல் வேலை. தானியங்கிக் கியர்ப்பெட்டியிலோ அதன் பொறுப்பு இன்னும் பெரிது. எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவதும், அழுத்தத்தால் கிளட்ச்சுகளை இயக்கிக் கியரை மாற்றுவதும், வெப்பத்தை வெளியே கொண்டுசெல்வதும் அதுவே. அங்கே எண்ணெயும் ஓர் உறுப்புத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வுறுப்பின் பகை வெப்பம். அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே சூளையின் வெப்பத்தால் களிமண் உறுதி பெறுகிறது. எண்ணெய்க்கோ வெப்பத்தால் உறுதி குலைகிறது. வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. கெட்ட எண்ணெய் அரக்குப்போல் படிந்து நுண்ணிய வழிகளை அடைக்கும், கியர் விழத் தாமதமாகும், கிளட்ச்சுகள் வழுக்கும், வழுக்கலால் மேலும் வெப்பம் பிறக்கும். அதன்பின் கேடு தானாகவே பெருகும்.

எப்போது மாற்றுவது? வண்டியுடன் தரப்பட்ட கைந்நூலே முதற் சான்று. வண்டிக்கு வண்டி கணக்கு வேறுபடும். அந்நூலில் கடும் பயன்பாடு என்றொரு தனிப்பகுதி பெரும்பாலும் இருக்கும். அதில் தவணை குறைவாக இருக்கும். மிகுந்த வெப்பம், அதிகப் பாரம், நெரிசலில் நின்று நின்று செல்லுதல், மலையேற்றம் ஆகியவையே கடும் பயன்பாடு. சித்திரை வெயிலில் பாரமேற்றிச் செல்லும் நம் வண்டிகளுக்கு வேறென்ன பெயர்? நமக்கு அன்றாடமாக இருப்பது அந்நூலின் கண்ணில் கடுமையானது. எனவே குறைந்த தவணையையே நம்முடையதாகக் கொள்ள வேண்டும்.

சில கார்களில் ஆயுட்காலம் முழுவதற்கும் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லப்படுகிறது. யாருடைய ஆயுட்காலம் என்று கேட்பது நியாயமே. பல கார்களுக்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டி செய்துதரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றுமாறு அறிவுறுத்துகிறது. பெட்டியைச் செய்தவரே இவ்வாறு கூறும்போது நாம் அலட்சியமாக இருத்தல் தகாது.

இனிச் சோதிக்கும் முறை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். அளவுகோல் உள்ள தானியங்கி வண்டிகள் பலவற்றில், சிறிது தூரம் ஓட்டிச் சூடேறிய பின், எஞ்சின் ஓடும்போதே அளவு பார்ப்பர். சிலவற்றில் எஞ்சினை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். இதையும் கைந்நூல் கூறும். புதிய எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமாயிருக்கும். அச்சாயம், கசிவு ஏற்பட்டால் எளிதில் இனங்காண்பதற்காகச் சேர்க்கப்படுவது. தரத்தின் அடையாளம் அன்று. நிறம் சற்று மங்கியதும் அஞ்ச வேண்டியதில்லை. கருத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் தாமதிக்கலாகாது.

மாற்றும்போது நினைவிற்கொள்ள வேண்டியவை சில. வடிக்கும் திருகைக் கழற்றுமுன், ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துக்கொள்க. அது துருவேறி இறுகியிருந்தால், பழையது வடிந்தபின் புதியதை ஊற்ற வழியிராது. வடிதிருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். உலோகத் துண்டுகள் இருந்தால் பல் உடைந்திருக்கக் கூடும். தானியங்கிப் பெட்டியை ஒருமுறை வடித்தால் எண்ணெயில் ஒரு பகுதியே வெளிவரும். எஞ்சியது உள்ளே தங்கிவிடும். வடிகட்டி மாற்றத்தக்கதாயின் அதையும் மாற்றிவிடுக. அளவுக்கு மேல் ஊற்றுவதும் தீங்கே. சுழலும் பாகங்கள் கடைந்து நுரையெழுப்பினால் அழுத்தம் குன்றும்.

எந்த எண்ணெயும் எண்ணெயே என்று கருதிவிடக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிப் பெட்டியைப் பொருத்தியது. 1949-இல் அத்தகைய பெட்டிகளுக்கென டைப் ஏ என்னும் எண்ணெய்த் தரத்தை வகுத்தது. கிளட்ச் பிடிப்பதும் விடுவதும் சீராக அமைய, ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் நெடுங்காலம் அதில் கலக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது தடைப்படவே, வேதியியலார் மாற்றுப் பொருள்களை உருவாக்கினர். வழுவழுப்பு மட்டும் போதாது, உராய்வும் அளவோடு வேண்டும் என்பதே இதன் பொருள். கையால் மாற்றும் பெட்டியிலும் ஜி.எல். 4 கேட்குமிடத்தில் ஜி.எல். 5 ஊற்றினால், சிலவற்றில் பித்தளை வளையங்களுக்குக் கேடு நேரலாம். சி.வி.டி. வகைக்குத் தனி எண்ணெய் உண்டு. ஏ.எம்.டி. எனப்படுவதோ, உள்ளே கையால் மாற்றும் பெட்டியே. அதற்குச் சாதாரணக் கியர் எண்ணெய்தான்.

வடித்த எண்ணெயை வயலோரத்தில் கொட்டலாகாது. கிணற்று நீரை நம்பி வாழும் ஊர்கள் நம்முடையவை. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியது. ஆகவே பட்டறைக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் வண்டிக்கு எந்த எண்ணெய்? எத்தனை லிட்டர்? பழையது எங்கே போகிறது? விடையை மாற்றிய நாளுடனும் ஓடிய கிலோமீட்டருடனும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை எப்போது என்பதை அந்த ஏடே சொல்லும்.