அங்கே ஓடிய டிஸ்க் இங்கே ஏன் ஓடவில்லை?

உட்காருங்கள், டீ வரட்டும். கையில் இருக்கும் டிஸ்க்கை முதலில் உறைக்குள் போடுங்கள். ஸ்டூடியோக் கணினியில் கல்யாண வீடியோ தாலி கட்டுவது முதல் மறுவீடு வரை ஓடியது. அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து புளூ-ரே பிளேயரில் போட்டால், படிக்க முடியாத டிஸ்க் என்று டிவியில் எழுத்து வருகிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வீடியோ தொழில் செய்கிறவர்கள் கேட்டுப் பழகிய புகார்தான் இது. வாங்கியவர் ‘டிஸ்க் போச்சு’ என்பார். கொடுத்தவர் ‘உங்க பிளேயர் பழசு’ என்பார். பல நேரம் பதிவும் பத்திரமாக இருக்கும், பிளேயரும் நல்ல நிலையில் இருக்கும். இரண்டும் நடுவில் ஏதோ ஒரு படியில் ஒத்துப்போகாமல் நிற்கும். அந்தப் படி எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. பதறாமல் வரிசையாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்த டிரைவில் அந்த டிஸ்க் ஓடுகிறதோ, அதிலேயே போட்டு, உள்ளே இருப்பதை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். இது அழித்து எழுதக்கூடிய டிஸ்க். படிக்கத் தெரியாத கணினியில் போட்டால் அது காலி டிஸ்க் என்று நினைத்து, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். தெரியாமல் ‘சரி’ கொடுத்துவிட்டால் பிறகு அழுதாலும் வராது. ஆகவே காப்பி எடுத்த பிறகுதான் சோதனை.

இனி விஷயத்துக்கு வருவோம். பெங்களூர் போகும் லாரியை எல்லையில் நிறுத்தினால் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள், அடுத்து பர்மிட், அடுத்து சரக்குப் பட்டியல், கடைசியில் சரக்கு. பிளேயரும் இப்படித்தான் நான்கு கட்டமாகப் பார்க்கிறது. லேசருக்கு டிஸ்க் தெரிகிறதா? இது என்ன வகை என்று புரிகிறதா? உள்ளே கோப்புகளை அடுக்கியிருக்கும் முறை தெரிந்ததா? வீடியோவே தனக்குப் பழக்கமானதா? எந்த இடத்தில் தடுக்கிறதோ, அதற்கு ஏற்ற வைத்தியம்தான் பலிக்கும்.

லேசருக்குத் தெரிகிறதா?

சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியை 650, புளூ-ரேயை 405. அலைநீளம் குறையக் குறைய இன்னும் பொடியான புள்ளியைப் படிக்கலாம். அதனால்தான் டிவிடியில் 0.74 மைக்ரான் இடைவெளியில் இருந்த தடங்கள் புளூ-ரேயில் 0.32 மைக்ரானுக்கு நெருங்கின, ஒரே அடுக்கில் 25 ஜிபி கொள்ளும்படி ஆயிற்று. இந்த நீல-ஊதா லேசருக்கு வழி திறந்தது ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1990களில் செய்த வேலை. நீல எல்ஈடிக்காக அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

கடையில் வாங்கும் சினிமா டிஸ்க்கில் தகவல் குழிகளாக அச்சடிக்கப்பட்டிருக்கும். ஒற்றை அடுக்கு சினிமா டிஸ்க் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 35 முதல் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நாம் பேசும் ரீரைட்டபிள் டிஸ்க், அதாவது பிடி-ஆர்இ, வேறு ஜாதி. அதன் உள்ளே ஜெர்மானியம், ஆன்டிமனி, டெல்லூரியம் போன்றவை சேர்ந்த ஒரு மெல்லிய கலவைப் படலம் இருக்கும். லேசர் அதை உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறையும். மிதமாகச் சூடாக்கினால் மறுபடி படிகமாக ஒழுங்குபடும். இந்த இரண்டு நிலையும் ஒளியை வெவ்வேறு அளவில் திருப்புவதால்தான் எழுதவும் முடிகிறது, அழிக்கவும் முடிகிறது. சுமார் 1000 முறை வரை அழித்து எழுதலாம் என்பது கணக்கு. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. திரும்பும் ஒளி ஏறக்குறைய 11 முதல் 24 சதவீதம்தான். 50 ஜிபி இரட்டை அடுக்கு என்றால் இன்னும் குறைவு.

வயதான லேசரும் தூசி படிந்த லென்ஸும் உள்ள பிளேயர், பளிச்சென்று ஒளி தரும் சினிமா டிஸ்க்கைச் சிரமமில்லாமல் படிக்கும். மங்கலான ஆர்இ டிஸ்க்கில் திணறும். ‘படம் ஓடுதே, அப்ப பிளேயர் நல்லாத்தானே இருக்கு’ என்பது பாதி உண்மைதான். ‘டிவிடி ஓடுதே’ என்பதில் அந்தப் பாதியும் இல்லை. டிவிடிக்குச் சிவப்பு லேசர், புளூ-ரேக்கு நீல லேசர், இரண்டும் தனித்தனி. சிவப்பு நன்றாக இருப்பது நீலத்துக்குச் சான்று ஆகாது.

டிஸ்க்கை ஒரு டியூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் நிறத்தில் லேசான வித்தியாசம் தெரியலாம். நடு ஓட்டையை ஒட்டி ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் பரவியிருப்பதுதான் பதிவு. அந்த உள்வட்டத்தில் கைரேகை இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருப்பது அந்தப் பக்கம்தான், பிளேயர் முதலில் தேடுவதும் அங்கேதான். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, புளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டரில். மேலே கெட்டிப் பூச்சு இருப்பதால் கீறல் சுலபத்தில் விழாது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் லேசரின் குவியத்துக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. கிரானைட் தூளும் பட்டறைத் தூசியும் பறக்கிற நம் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழுகிற கீறல் தடத்தோடு ஓடி வரிசையாகத் தகவலைக் கெடுக்கும்.

வகை புரிகிறதா?

பிளேயரின் கையேட்டில் ‘இயங்கும் டிஸ்க்குகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் பிடி-ரோம் (அச்சடித்த சினிமா டிஸ்க்), பிடி-ஆர் (ஒருமுறை மட்டும் எழுதுவது), பிடி-ஆர்இ மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ஆர்இ இல்லையென்றால் அங்கேயே விஷயம் முடிந்தது. 100 ஜிபி டிஸ்க் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த பிடிஎக்ஸ்எல் வகை 2010இல்தான் வந்தது, அதற்கு முந்தைய பிளேயருக்கு அது அந்நியம். பட்டியலில் பெயர் இருந்தும் படிக்கவில்லை என்றால், பிளேயரின் உள்மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். இலவசமான முயற்சி அது.

இன்னொரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். புளூ-ரேயில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி, அமெரிக்கா ஏ. வேறு மண்டல டிஸ்க் ஓடாதபடி தடுக்கும் இந்தப் பூட்டு சினிமா டிஸ்க்குகளுக்காக வந்தது. வீட்டுப் பதிவில் சாதாரணமாக அது இருக்காது.

அடுக்கியது சரியா?

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். விண்டோஸில் புது டிஸ்க்கைப் போட்டதும் இரண்டு வழி காட்டும். ஒன்று, யுஎஸ்பி பென்டிரைவ் போலப் பயன்படுத்துவது. மற்றொன்று, சிடி, டிவிடி பிளேயரோடு பயன்படுத்துவது. கோப்புகளை இழுத்துப் போடவும் அழிக்கவும் முதல் வழி சௌகரியம், அதனால் அதைத்தான் பலரும் சொடுக்குகிறார்கள். கணினியில் அது அழகாகத் திறக்கும். வரவேற்பறைப் பிளேயருக்கோ அந்த அடுக்கு முறை பெரும்பாலும் விளங்காது.

ஆர்இ டிஸ்க்குக்கு உரிய கோப்பு அமைப்பு யுடிஎஃப் 2.50. எழுதும் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கோப்பையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். எழுதிய டிஸ்க்கில் எந்த அமைப்பு இருக்கிறது என்று இம்ஜிபர்ன் போன்ற இலவச மென்பொருள் காட்டிவிடும்.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் இதை வேறு உருவத்தில் பார்க்கலாம். பழைய இயந்திரத்தோடு சேர்ந்த கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும். வரைபடங்களையும் புரோகிராம்களையும் ஆர்இ டிஸ்க்கில் காப்பி எடுத்து வந்து, அதில் புளூ-ரே டிரைவை இணைத்துப் போட்டால் டிஸ்க் காலியாகத் தெரியும். எக்ஸ்பிக்கு யுடிஎஃப் 2.01 வரைதான் படிக்கத் தெரியும். 2.50 விஸ்டாவோடு வந்தது. டிஸ்க்கில் எல்லாம் இருக்கிறது, படிக்கிற கணினிக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை. ‘ஃபார்மேட் செய்யவா’ என்ற கேள்வி ஆபத்தாவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

வீடியோ பழக்கமானதா?

டிஸ்க்கைக் கணினியில் திறந்து முதல் ஃபோல்டரின் பெயரைப் பாருங்கள். ‘பிடிஎம்வி’ என்று இருந்தால் சினிமா டிஸ்க்கின் அமைப்பு, பிளேயர்களுக்கு நன்கு தெரிந்தது. ‘பிடிஏவி’ என்று இருந்தால் டிவி நிகழ்ச்சி பதியும் ரெக்கார்டர்களுக்கான அமைப்பு, எல்லாப் பிளேயரும் அதை ஏற்காது. ஃபோல்டரே இல்லாமல் வெறும் எம்பி4, எம்கேவி கோப்புகள் கிடந்தால், அது வீடியோ டிஸ்க் ஆகாது, கோப்பு மூட்டைதான். பென்டிரைவிலிருந்து அதே கோப்பை ஓட்டுகிற பிளேயர்கூட டிஸ்க்கிலிருந்து ஓட்டாமல் போகலாம்.

பிடிஎம்வி அமைப்பே இருந்தாலும் உள்ளே இருக்கும் வீடியோவுக்கு வரம்பு உண்டு. சாதாரண புளூ-ரேயில் வீடியோ அதிகபட்சம் நொடிக்கு 40 மெகாபிட், சுருக்கும் முறை பெரும்பாலும் எச்.264. ஃபோனும் புது கேமராக்களும் தருகிற எச்.265, அல்ட்ரா எச்டி புளூ-ரேக்கு மட்டும் உரியது. ஒலி டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், சுருக்காத பிசிஎம் என்று இருக்க வேண்டும். ஃபோன் வீடியோவில் வரும் ஏஏசி அந்தப் பட்டியலில் இல்லை. முழு எச்டியில் நொடிக்கு 50 முழுப் படம் என்பதும் மூல விதிக்கு வெளியே. கல்யாணத்தை அந்த வேகத்தில் எடுத்தால், டிஸ்க்குக்குப் போகும்போது 50 பாதிப் படங்களாக, அதாவது 50i ஆக மாற்றியாக வேண்டும்.

மகளோ மகனோ அமெரிக்காவில் இருந்தால் இதையும் யோசியுங்கள். நம் ஊர் வீடியோ பால் (PAL) முறைப்படி 25, 50 கணக்கில் ஓடும். அங்கே விற்கும் பல பிளேயர்கள் 50 கணக்கை ஏற்பதில்லை. மண்டலப் பூட்டு இல்லாமலேயே டிஸ்க் நின்றுபோகும். அவர்களுக்கு நொடிக்கு 24 படக் கணக்கில் தனியாக ஒரு டிஸ்க் செய்யச் சொல்லுங்கள், அல்லது கோப்பாகவே அனுப்பிவிடுங்கள்.

எங்கே தடுக்கிறது என்று பார்ப்பது எப்படி?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளேயரில் அசல் சினிமா புளூ-ரே ஒன்றைப் போடுங்கள். அதுவும் ஓடவில்லையென்றால் கோளாறு பிளேயரில். அது ஓடுகிறது என்றால், உங்கள் ஆர்இ டிஸ்க்கை, அதை எழுதிய கணினியைத் தவிர வேறொரு கணினியின் புளூ-ரே டிரைவில் போட்டுப் பாருங்கள். அங்கே கோப்புகள் தெரிந்து காப்பியும் ஆகிறது என்றால் டிஸ்க் நல்ல டிஸ்க். அங்கேயும் திணறினால் எழுதியதிலேயே குறை இருக்கலாம். கடைசியாக, அதே வீடியோவை ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய பிடி-ஆர் டிஸ்க்கில் எழுதிப் பிளேயரில் போடுங்கள். ஓடினால் பிரச்சினை ஆர்இ வகையோடு, ஓடாவிட்டால் அடுக்கு முறையிலோ வீடியோவிலோ.

எழுதிய டிரைவே ‘சரிபார்த்தேன், சரி’ என்று சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். தான் எழுதிய மங்கலான எழுத்து தனக்குப் புரியும், மற்றவருக்குப் புரியாது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கும் மெல்லிய டிரைவ்களில் கவனம் இன்னும் தேவை. மின்சாரம் போதாமல் போனால் எழுத்தும் பலவீனமாகும். இரட்டை முனை கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். ஆர்இ டிஸ்க் அதிகபட்சம் 2 மடங்கு வேகத்தில்தான் எழுதும், 25 ஜிபி நிறைய முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. எழுதும்போதே சரிபார்க்கும் வசதியைப் போட்டால் ஏறக்குறைய இருமடங்கு ஆகும். அவசரப்படுத்தி வாங்காதீர்கள்.

இவ்வளவு அக்கறையாக இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இந்த டிஸ்க்குகளும் இவற்றைப் படிக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. சிடி, டிவிடிகளை உலக அளவில் தயாரித்த நம் நாட்டு மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போனது. சாம்சங் 2019இல் புது புளூ-ரே பிளேயர்களை நிறுத்தியது. பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை பானசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் முடித்துக்கொண்டன. இன்று பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தேடினால் டிஸ்க் கிடைக்கலாம், பத்து வருடம் கழித்துப் படிக்கும் பிளேயரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஒரு குடும்பத்தின் கல்யாணம், இறந்துபோன தாத்தாவின் குரல், ஒரு தொழிற்சாலையின் வரைபடம் எதுவுமே ஒரே டிஸ்க்கை நம்பி இருக்கக் கூடாது.

ஆர்இ டிஸ்க் வேலை நடக்கும்போது எழுதி, பார்த்து, அழித்துத் திருத்துவதற்கு நல்ல சாமான். அடுத்தவர் கையில் கொடுப்பதற்கும் காலத்துக்கும் வைப்பதற்கும் பிடி-ஆர் மேல். அதிலும் எல்டிஎச் என்று அட்டையில் போட்டிருந்தால் அது சாயப் படலம் கொண்ட மலிவு வகை, பழைய பிளேயர்கள் சில அதைப் படிக்காது, அதைத் தவிர்த்துவிடுங்கள். கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, வேறொரு வீட்டில் இன்னொரு காப்பி இருக்கட்டும். அடுத்த முறை ஸ்டூடியோவில் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இது ஆரா, ஆர்இயா? எழுதிய கணினியைத் தவிர வேறு பிளேயரில் ஓட்டிப் பார்த்தீர்களா? மூல வீடியோக் கோப்பையும் தருவீர்களா? தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் முன்னாலேயே டிஸ்க்கைப் போட்டுக் காட்டுவார்.